ஆய்வுக்கு ஆய்வு முடிவு ஏன் மாறுகிறது: மெட்டா அனாலிசிஸும் மெட்டா ரெக்ரஷனும் செய்வது எப்படி

மெட்டா அனாலிசிஸ் செய்யுங்கள், அதாவது ஒரே கேள்வியைக் கேட்ட பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்து ஒரு கூட்டு எண்ணாக்குங்கள் என்று கைடு சொல்லிவிடுகிறார். மென்பொருளில் எண்களைப் போட்டு அழுத்தினால் படத்தின் அடியில் அந்தக் கூட்டு எண்ணைக் காட்டும் ஒரு சின்ன டைமண்ட் வந்து நிற்கும். அதை எடுத்து தீசிஸில் ஒட்டி, "சிகிச்சை பலன் தருகிறது" என்று ஒரு வரி எழுதி முடித்துவிடுகிறார்கள். வைவாவுக்கு வந்த வெளித்தேர்வாளர் "இந்த ஆய்வுகள் ஒன்றுக்கொன்று ஒத்தே போகவில்லையே, ஏன்?" என்று கேட்கும்போதுதான் விஷயம் தெரியவரும். என்னைக் கேட்டால் அந்த "ஏன்"தான் வேலையில் முக்கால் பங்கு. கூட்டு எண் வருவது ஐந்து நிமிட சமாச்சாரம்.

வெறும் தத்துவமாகச் சொன்னால் மண்டையில் ஏறாது, அதனால் ஒரு நிஜ டேட்டாவை வைத்தே போவோம். காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி தடுப்பூசி பற்றிய 13 ஆய்வுகள், 1994ல் கோல்டிட்ஸும் குழுவினரும் வெளியிட்ட மெட்டா அனாலிசிஸில் இருந்தவை. இலவச மென்பொருளான ஆர்-இல் மெட்டாஃபோர் என்ற தொகுப்பை நிறுவினால் இந்த டேட்டாவும் கூடவே வந்துவிடும், நீங்களே போட்டுப் பார்க்கலாம். இதில் நமக்கு நெருக்கமான இரண்டு ஆய்வுகளும் உண்டு: 1968ல் செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய பெரிய சோதனை (டேட்டாவில் "மெட்ராஸ் 1980" என்று இருக்கும்), அப்புறம் ஆந்திராவின் மதனப்பள்ளியில் நடந்தது.

முதலில் அட்டவணை

எக்செல்லில் ஒரு ஆய்வுக்கு ஒரு வரிசை. ஆசிரியர், ஆண்டு, தடுப்பூசி போட்டவர்களில் நோய் வந்தவர்கள், வராதவர்கள், போடாதவர்களில் வந்தவர்கள், வராதவர்கள், அதோடு நீங்கள் பின்னால் சோதிக்கப்போகும் அம்சங்கள். இங்கே அது ஆய்வு நடந்த இடத்தின் அட்சரேகை, ஆட்களை எப்படிப் பிரித்தார்கள் என்பது. "வராதவர்கள்" என்ற இடத்தில் மொத்த எண்ணிக்கையைப் போட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. மென்பொருள் ஒன்றும் சொல்லாது, விடையும் பார்வைக்கு நன்றாகவே இருக்கும், ஆனால் தப்பு. இரண்டு பேர் தனித்தனியாக எண்களை எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்வது சும்மா சம்பிரதாயத்துக்காக அல்ல.

உங்கள் ஆய்வுகள் சராசரியை வைத்தவை என்றால் (ரத்த அழுத்தம், மதிப்பெண் மாதிரி) இன்னொரு குழி இருக்கிறது. கட்டுரையில் கூட்டல் கழித்தல் குறிக்குப் பின்னால் இருப்பது ஸ்டாண்டர்ட் டீவியேஷனா (ஆட்களுக்கு இடையே உள்ள பரவல்), ஸ்டாண்டர்ட் எரரா (சராசரியின் பிழை)? எரர் என்றால் ஆட்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் பெருக்கினால்தான் டீவியேஷன் கிடைக்கும். 100 பேர் உள்ள குழுவில் இதைக் குழப்பினால் பத்து மடங்கு பிழை, அந்த ஒரு ஆய்வே மொத்தத்தையும் இழுத்துக்கொண்டு போய்விடும். கட்டுரையில் ஆட்ஸ் ரேஷியோவும் (வந்தவர்களை வராதவர்களால் வகுத்து இரு குழுக்களையும் ஒப்பிடுவது) 95% நம்பிக்கை இடைவெளியும் மட்டும்தான் கொடுத்திருக்கிறார்களா, பரவாயில்லை: மேல் எல்லை, கீழ் எல்லை இரண்டுக்கும் லாக் எடுத்து, வித்தியாசத்தை 3.92ஆல் வகுத்தால் லாக் அளவில் ஸ்டாண்டர்ட் எரர் வந்துவிடும். லாக் எடுக்காமல் நேரடியாக வகுப்பவர்களும் இருக்கிறார்கள், வேண்டாம்.

ஒரு ஆய்வைக் கையால் போட்டுப் பாருங்கள்

மென்பொருள் என்ன செய்கிறது என்று ஒரு தடவையாவது கால்குலேட்டரில் பார்த்துவிட்டால் பின்னால் குழப்பம் பாதியாகக் குறையும். பட்டியலில் முதலில் இருக்கும் 1948ன் ஆரன்சன் ஆய்வு: தடுப்பூசி போட்ட 123 பேரில் 4 பேருக்கு நோய், போடாத 139 பேரில் 11 பேருக்கு. முதல் விகிதம் 3.25%, இரண்டாவது 7.91%. ஒன்றை இன்னொன்றால் வகுத்தால் ரிலேடிவ் ரிஸ்க் 0.41. அதன் இயல் லாக் −0.89. வேரியன்ஸ் (இந்த எண் எவ்வளவு ஆடக்கூடும் என்பதன் அளவு, ஸ்டாண்டர்ட் எரரின் வர்க்கம்) வேண்டுமென்றால் 1/4 − 1/123 + 1/11 − 1/139, அதாவது 0.326. அவ்வளவுதான். ஒவ்வொரு ஆய்விலிருந்தும் நமக்கு வேண்டியது இந்த இரண்டு எண்கள் மட்டுமே, விளைவும் அதன் வேரியன்ஸும். மெட்டாஃபோரில் இதை எஸ்கால்க் என்ற ஃபங்ஷன் 13 ஆய்வுக்கும் ஒரே வரியில் போட்டுத் தந்துவிடும்.

லாக் எதற்கு என்றால், விகிதங்கள் ஒரு பக்கம் 0க்கும் 1க்கும் நடுவில் நெருக்கிக்கொண்டு நிற்கும், மறுபக்கம் எல்லையில்லாமல் ஓடும். லாக் எடுத்தால் பாதியாகக் குறைவதும் இரட்டிப்பாவதும் பூஜ்யத்திலிருந்து சம தூரத்தில் வந்துவிடும். கணக்கு முழுக்க லாக்கில் நடத்திவிட்டு, கடைசியில் அறிக்கையில் எழுதும்போது மட்டும் திருப்பி மாற்றினால் போதும்.

ஒரு குழுவில் யாருக்குமே நோய் வரவில்லை என்றால் லாக் எடுக்க முடியாது. பெரும்பாலான மென்பொருள்கள் அந்த ஆய்வின் கட்டங்களில் அரை அரையாகச் சேர்த்துச் சமாளிக்கும். ஒன்றிரண்டு ஆய்வில் என்றால் சரி. பாதி ஆய்வுகள் அப்படி இருந்தால் அந்த வழி வேண்டாம், மாண்டல்-ஹென்செல் மாதிரி அரிதான நிகழ்வுகளுக்கு ஏற்ற முறைக்குப் போங்கள்.

இப்போது செங்கல்பட்டு. இரு குழுக்களிலும் தலா 88,391 பேர். போட்டவர்களில் 505 பேருக்கு நோய், போடாதவர்களில் 499 பேருக்கு. ரிலேடிவ் ரிஸ்க் 1.01, நம்பிக்கை இடைவெளி 0.89 முதல் 1.14 வரை. அதாவது பலனே இல்லை, அதுவும் மிகத் துல்லியமாகப் பலனில்லை. பிரிட்டனின் ஆய்விலோ சுமார் 13,600 பேரில் 62, மறுபக்கம் கிட்டத்தட்ட 12,900 பேரில் 248. அங்கே முக்கால்வாசி நோய் தடுக்கப்பட்டிருக்கிறது. நோய் ஒன்று, தடுப்பூசியும் பி.சி.ஜி என்ற ஒரே பெயரில்தான், முடிவுதான் இப்படி. இதைப் பார்த்த பிறகும் ஒரே ஒரு சராசரி எண்ணை எழுதிவிட்டுப் போக எப்படி மனசு வரும்?

எந்த மாடல்?

மெட்டா அனாலிசிஸ் என்று பெரிய பெயர் வைத்திருந்தாலும் அடியில் இருப்பது ஒரு வெயிட்டட் ரெக்ரஷன்தான் (ஒரு காரணி மாறும்போது விளைவு எப்படி மாறுகிறது என்று எடை வைத்துக் கோடு பொருத்துவது), அதுவும் காரணி எதுவும் இல்லாத, வெட்டுமானம் (இன்டர்செப்ட், காரணி பூஜ்யமாக இருக்கும்போது வரும் மதிப்பு) மட்டும் உள்ள ரெக்ரஷன். அந்த வெட்டுமானத்தைத்தான் நாம் கூட்டு விளைவு என்கிறோம். துல்லியமான ஆய்வுக்கு அதிக எடை, மற்றதற்குக் குறைவு. எடையை எப்படி வைப்பது என்பதில்தான் ஃபிக்ஸட், ராண்டம் என்ற இரண்டு வழியும் பிரிகிறது.

ஃபிக்ஸட் மாடலில் எல்லா ஆய்வுகளும் ஒரே உண்மை விளைவைத்தான் அளக்கின்றன என்று எடுத்துக்கொண்டு, வேரியன்ஸின் தலைகீழையே எடையாக வைக்கிறோம். அப்படிச் செய்தால் இந்த டேட்டாவில் செங்கல்பட்டு ஒன்று மட்டும் மொத்த எடையில் ஏறத்தாழ 41%ஐ எடுத்துக்கொள்கிறது, ஆரன்சனுக்கு அரை சதவீதம். விடை 0.65, இடைவெளி 0.60 முதல் 0.70 வரை, பார்க்க ரொம்பத் துல்லியமாக இருக்கும், நம்பாதீர்கள். ராண்டம் மாடலில் ஆய்வுக்கு ஆய்வு உண்மை விளைவே மாறலாம் என்று ஒப்புக்கொண்டு, அந்த மாறுபாட்டை டவ்-ஸ்கொயர் என்று தனியாக மதிப்பிட்டு ஒவ்வொரு ஆய்வின் வேரியன்ஸோடும் கூட்டுகிறோம். இப்போது செங்கல்பட்டின் எடை சுமார் 10%, ஆரன்சனுடையது 5%. விடை 0.49, இடைவெளி 0.34 முதல் 0.70 வரை.

வேறு வேறு நாட்டில், வேறு வேறு காலத்தில், வேறு வேறு ஆட்களிடம் நடந்த ஆய்வுகள் என்றால் ராண்டம்தான், யோசிக்கவே வேண்டாம். முதலில் ஃபிக்ஸட் போட்டு, ஐ-ஸ்கொயர் (ஆய்வுகள் ஒத்துப்போகாததைக் காட்டும் சதவீதம், விளக்கம் பின்னால்) 50%ஐத் தாண்டினால் ராண்டமுக்கு மாறுவது என்று ஒரு வழக்கம் பல தீசிஸ்களில் காலங்காலமாக ஓடிக்கொண்டிருக்கிறது, அதை நிறுத்த வேண்டும். மாடலை ஆய்வுகளின் தன்மையைப் பார்த்து, நெறிமுறை எழுதும்போதே முடிவு செய்யுங்கள். டவ்-ஸ்கொயரை மதிப்பிடும் முறையில், 1986ல் வந்த டெர்சிமோனியன்-லேர்ட் பழைய மென்பொருள்களில் தானாகவே வரும். மெட்டாஃபோரில் ரெமல் என்று சொல்லப்படும் முறை தானாக வரும், அதையே வைத்துக்கொள்ளலாம். ஆய்வுகள் குறைவாக இருந்தால் நாப்-ஹார்ட்டங் திருத்தத்தையும் சேருங்கள், அது நார்மல் பரவலுக்குப் பதில் டி பரவலைப் பயன்படுத்தும், இடைவெளி பெரும்பாலும் கொஞ்சம் அகலமாகும். அகலமானால் வருத்தப்படாதீர்கள், நேர்மையான அகலம் அது.

வெளியீட்டைப் படிப்பது

ஐ-ஸ்கொயர் 92% என்று வரும். உடனே "மாறுபாடு மிக அதிகம்" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஐ-ஸ்கொயர் சொல்வது மொத்த மாறுபாட்டில் எத்தனை பங்கு தற்செயலைத் தாண்டியது என்பதைத்தான், மாறுபாடு எவ்வளவு பெரியது என்பதை அல்ல. எல்லா ஆய்வுகளும் லட்சம் பேர் கொண்டவை என்றால் மருத்துவ ரீதியில் ஒன்றுமில்லாத வித்தியாசத்துக்கும் 90% காட்டும். அளவு வேண்டுமென்றால் டவ்-ஸ்கொயரைப் பாருங்கள், இங்கே 0.313. அதன் வர்க்கமூலம் 0.56, லாக் அளவில் அது சின்ன எண் இல்லை.

இதையெல்லாம்விட எனக்குப் பிடித்தது ப்ரெடிக்ஷன் இடைவெளி. இதே மாதிரி இன்னொரு புதிய இடத்தில் தடுப்பூசி போட்டால் உண்மை விளைவு எங்கே விழலாம் என்று அது சொல்லும். இங்கே 0.15 முதல் 1.55 வரை. அதாவது ஒரு ஊரில் நோயை 85% தடுக்கலாம், இன்னொரு ஊரில் ஒன்றும் செய்யாமலும் போகலாம். டைமண்ட் 0.70க்கு உள்ளேயே நின்றுவிட்டதே என்று சந்தோஷப்பட்டவர்கள் இதைப் பார்த்தால் அமைதியாகிவிடுவார்கள். டைமண்ட் காட்டுவது சராசரியின் துல்லியத்தை மட்டும்தான். ஆர்-இல் இது ஒரே ஒரு கூடுதல் வரி, ஆனாலும் எத்தனையோ கட்டுரைகளில் இதைக் காணோம்.

இனி ரெக்ரஷன்

காரணி இல்லாத ரெக்ரஷன் என்று சொன்னோம் அல்லவா, இப்போது காரணியைச் சேர்ப்போம். பி.சி.ஜி விஷயத்தில் பல காலமாக இருக்கும் சந்தேகம் அட்சரேகை. பூமத்திய ரேகைக்கு அருகில் மண்ணிலும் நீரிலும் காசநோய்க் கிருமியின் உறவுக்காரக் கிருமிகள் அதிகம், மக்களுக்கு ஏற்கெனவே அவற்றோடு பழக்கம் உண்டு, அதனால் தடுப்பூசிக்குப் புதிதாகச் செய்ய அதிகம் இருப்பதில்லை என்பது ஒரு விளக்கம். மெட்டாஃபோரில் ஆர்.எம்.ஏ என்ற அதே ஃபங்ஷனில் மாடரேட்டராக (காரணிக்கு அங்கே அதுதான் பெயர்) அட்சரேகையைச் சேர்த்தால் போதும், அதுதான் மெட்டா ரெக்ரஷன்.

வெட்டுமானம் 0.2515, அட்சரேகையின் சாய்வு −0.0291, ஸ்டாண்டர்ட் எரர் 0.0072. டவ்-ஸ்கொயர் 0.313லிருந்து 0.076க்கு இறங்குகிறது, அதாவது ஆய்வுகளுக்கு இடையிலான மாறுபாட்டில் சுமார் 76%ஐ அட்சரேகை ஒன்றே விளக்கிவிடுகிறது. சாய்வை அப்படியே எழுதினால் யாருக்கும் புரியாது. பத்து டிகிரிக்கு மாற்றுங்கள்: −0.291ஐ லாக்கிலிருந்து திருப்பினால் 0.75. ஒவ்வொரு பத்து டிகிரி விலகலுக்கும் ரிலேடிவ் ரிஸ்க் கால் பங்கு குறைகிறது என்று சொன்னால் தேர்வாளருக்கும் புரியும், உங்கள் வீட்டாருக்கும் புரியும். மாடலின் கணிப்பு 13 டிகிரியில், அதாவது சென்னைப் பக்கம், 0.88. கனடாவின் ஆய்வு நடந்த 55 டிகிரியில் 0.26.

வெட்டுமானத்தைத் திருப்பினால் 1.29 வரும், "பூமத்திய ரேகையில் தடுப்பூசி கெடுதல் செய்கிறது" என்று எழுதத் தோன்றும். எழுதக் கூடாது. டேட்டாவில் இருக்கும் இடங்கள் 13 முதல் 55 டிகிரி வரைதான், பூஜ்யத்தில் ஒரு ஆய்வும் இல்லை, அந்த மதிப்பின் பிழையும் பெரிது. அட்சரேகையிலிருந்து அதன் சராசரியான 33.5ஐக் கழித்துவிட்டு மாடலை ஓட்டினால், வெட்டுமானமே சராசரி இடத்தின் விளைவாகிவிடும், ஏறக்குறைய 0.49. சாய்வு மாறாது.

சாதாரண ரெக்ரஷனிலேயே, எஸ்.பி.எஸ்.எஸ்ஸில் எடை போட்டு, இதைச் செய்துவிட முடியாதா என்று கேட்பார்கள். சாய்வு கிட்டத்தட்ட சரியாக வரலாம், ஆனால் ஸ்டாண்டர்ட் எரர் தப்பாகிவிடும். சாதாரண வெயிட்டட் ரெக்ரஷன் எடைகளை விகிதமாக மட்டும் எடுத்துக்கொண்டு மீதிப் பிழையைத் தானே மறுபடி மதிப்பிடும். இங்கேயோ ஒவ்வொரு ஆய்வின் வேரியன்ஸும் நமக்கு ஏற்கெனவே தெரிந்தது, அதற்கு மேல் டவ்-ஸ்கொயர் தனி. இதற்கென்று எழுதிய மென்பொருளைப் பயன்படுத்துங்கள்.

எத்தனை காரணி சேர்க்கலாம்? ஒரு காரணிக்குக் குறைந்தது பத்து ஆய்வு என்பது மருத்துவ ஆய்வுகளைத் தொகுக்கும் காக்ரேன் அமைப்பின் கையேடு சொல்லும் நடைமுறை விதி. நம்மிடம் 13 இருக்கிறது, ஆகவே ஒன்று. மீறினால் என்ன ஆகும் என்று பார்க்க, ஆய்வு வெளியான ஆண்டையும் சேர்த்து ஓட்டிப் பாருங்கள். அட்சரேகையின் ஸ்டாண்டர்ட் எரர் 0.0072லிருந்து 0.0102க்கு ஏறும், ஏனென்றால் பழைய ஆய்வுகள் பெரும்பாலும் குளிர்ப் பிரதேசங்களில், பிந்தையவற்றில் பல வெப்ப நாடுகளில், இரண்டும் பின்னிக்கிடக்கின்றன. விளக்கப்பட்ட பங்கு 76%லிருந்து 65%க்குக் குறையும்! காரணியைச் சேர்த்தால் ஆர்-ஸ்கொயர் எப்படிக் குறையும் என்று மண்டை காயும், சாதாரண ரெக்ரஷனில் அப்படி நடக்கவே நடக்காது. மெட்டா ரெக்ரஷனில் அந்தப் பங்கு இரண்டு டவ்-ஸ்கொயர் மதிப்பீடுகளின் ஒப்பீடு, டவ்-ஸ்கொயர் ஏறவும் செய்யலாம், அதனால் நடக்கும். ஆட்களைப் பிரித்த முறையைத் தனியாகப் போட்டால் பங்கு பூஜ்யம், அதையும் மறைக்காமல் எழுதுங்கள். பத்து காரணிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து பி மதிப்பு நன்றாக வந்த ஒன்றை மட்டும் எழுதுவது மீன்பிடிக்கிற வேலை, ஆராய்ச்சி இல்லை.

இன்னொன்று, இதுதான் வைவாவில் கண்டிப்பாக வரும் கேள்வி. அட்சரேகை ஆய்வின் குணம், தனி ஆளின் குணம் அல்ல. ஆய்வுகளுக்கு இடையே தெரியும் போக்கு ஒரே ஆய்வுக்குள் இருக்கும் ஆட்களிடமும் இருக்கும் என்று சொல்ல முடியாது. வயது மாதிரியான விஷயத்தில் இது பெரிய பொறி: "சராசரி வயது கூடிய ஆய்வுகளில் பலன் குறைவு" என்றால் "வயதானவர்களுக்குப் பலன் குறைவு" என்று அர்த்தமாகாது. அதைச் சொல்ல தனிநபர் டேட்டா வேண்டும். மேலும் ஆய்வுகளுக்கு இடையே யாரும் சீட்டுக் குலுக்கி அட்சரேகையைப் பிரித்துக் கொடுக்கவில்லை, ஆகவே ஒவ்வொரு ஆய்வும் ராண்டமைஸ் செய்யப்பட்டிருந்தாலும் மெட்டா ரெக்ரஷன் வெறுமனே இருப்பதைப் பார்த்து ஒப்பிடும் அவதானிப்பு ஆய்வுதான். வெப்பம், ஊட்டச்சத்து, தடுப்பூசியின் ரகம், எது வேண்டுமானாலும் அட்சரேகையின் பின்னால் ஒளிந்திருக்கலாம். அட்சரேகையைச் சேர்த்த பிறகும் மிச்ச மாறுபாட்டுக்கான சோதனையில் பி மதிப்பு 0.001தான், ஏதோ ஒன்று இன்னும் பாக்கி இருக்கிறது.

இந்த 0.88ஐ வைத்துக்கொண்டு "அப்படியென்றால் நம் ஊரில் பிறந்த குழந்தைக்கு எதற்கு பி.சி.ஜி" என்று வாட்ஸ்அப்பில் கிளம்பிவிட வேண்டாம். சின்னக் குழந்தைகளுக்கு வரும் காசநோய் மூளைக்காய்ச்சல் போன்ற கடுமையான வகைகளைத் தடுப்பதற்காகத்தான் அது போடப்படுகிறது, அந்தக் கேள்வி வேறு, அதற்கான டேட்டாவும் வேறு.

மிச்சம் மீதி

ஃபனல் படமும் (ஒவ்வொரு ஆய்வின் விளைவையும் அதன் துல்லியத்தோடு வைத்துப் போடும் படம்) அது சாய்ந்திருக்கிறதா என்று பார்க்கும் எக்கர் சோதனையும் எல்லோரும் கேட்பார்கள். 1997ல் வந்த எக்கர் சோதனையும் ஒரு ரெக்ரஷனே, காரணியின் இடத்தில் ஸ்டாண்டர்ட் எரர் இருக்கும். பத்துக்குக் குறைவான ஆய்வுகள் என்றால் செய்யாதீர்கள், சாய்வு இருந்தாலும் அதைக் கண்டுபிடிக்கும் சக்தி சோதனைக்குப் போதாது. படம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் அதற்கு வெளியிடாமல் விட்ட ஆய்வுகள்தான் காரணம் என்று உடனே தீர்ப்பு எழுதவும் வேண்டாம், சின்ன ஆய்வுகளில் நோயாளிகளே வேறு மாதிரி இருந்திருக்கலாம். பிறகு ஒவ்வொரு ஆய்வாக நீக்கி மறுபடி ஓட்டிப் பாருங்கள், ஒரே ஆய்வு வெளியே போனதும் முடிவு கவிழ்ந்தால் அதைச் சொல்லியாக வேண்டும்.

கருவி விஷயத்தில், கோடிங் பயம் இல்லாதவர்கள் ஆர், மெட்டாஃபோர் என்று போய்விடுங்கள், அதை எழுதிய வீக்ட்பவர் 2010ல் அது பற்றிய கட்டுரையை வெளியிட்டதிலிருந்து இந்தத் துறையில் அதுதான் முதுகெலும்பு. கோடிங் வேண்டாம் என்றால் ஜமோவி, ஜாஸ்ப் இரண்டும் இலவசம், மெனுவிலேயே எல்லாம் இருக்கிறது. கல்லூரியில் ஸ்டேட்டா உரிமம் இருந்தால் 16ஆம் பதிப்பிலிருந்து மெட்டா அனாலிசிஸ் உள்ளேயே உண்டு, எஸ்.பி.எஸ்.எஸ்ஸில் 28லிருந்து. காக்ரேனின் ரெவ்மேன் ஃபாரஸ்ட் படத்துக்கு (ஆய்வுகளை வரிசையாகவும் அடியில் டைமண்டையும் காட்டும் அந்தப் படம்) அழகாக இருக்கும். எக்செல்லில் முழுக்கப் போடலாமா என்றால் ஃபிக்ஸட் மாடல் வரை போடலாம், கற்றுக்கொள்ள நல்லது. தீசிஸுக்கு வேண்டாம்.

எழுதும்போது கூட்டு விளைவையும் இடைவெளியையும் போட்டு, அதே வரியில் டவ்-ஸ்கொயரையும் ப்ரெடிக்ஷன் இடைவெளியையும் போடுங்கள், எந்த மாடல், எந்த மதிப்பீட்டு முறை, எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு என்று சொல்லுங்கள். மெட்டா ரெக்ரஷன் என்றால் பபிள் படம் ஒன்று அவசியம், அட்சரேகை கிடைமட்டத்தில், லாக் ரிஸ்க் செங்குத்தில், எடைக்கு ஏற்ற வட்டங்கள். அந்த ஒரு படத்தில் செங்கல்பட்டும் மதனப்பள்ளியும் இடது மூலையில் மேலே, பிரிட்டனும் கனடாவும் வலது மூலையில் கீழே நிற்பதை யாரும் விளக்காமலே பார்த்துக்கொள்வார்கள். 13 வரிசை அட்டவணையையும் நீங்கள் ஓட்டிய கட்டளைகளையும் பின்னிணைப்பில் முழுதாக வையுங்கள். தேர்வாளர் தன் லேப்டாப்பில் ஓட்டிப் பார்த்து அதே எண் வந்துவிட்டால் பாதிக் கேள்விகள் வராது.